தேர்வு அதிகாரியின் வயிற்றில் காற்று

"காத்து பிரிஞ்சுதாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

கேட்டது காதோடு காதாக அல்ல. எட்டுக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்த அந்த அறையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. ஆளை மறைக்க அந்தத் துணி போதும். பேச்சை மறைக்கப் போதாது. அடுத்த கட்டிலில் இருமிக்கொண்டிருந்தவர் இருமலை நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது தெரிந்தது.

"இன்னும் இல்ல" என்றாள் அவள், கையெழுத்து விட்டுப்போன மனுவைத் திருப்பிக் கொடுக்கிற குரலில்.

"பிரியணும்மா. பிரிஞ்சாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்."

"எவ்வளவு நேரத்துக்குள்ள பிரியணும்னு கணக்கு இருக்கா?"

"அதுக்கு ஏதும்மா கணக்கு! வெட்கப்படாம விடுங்க. இங்க எல்லாரும் அதுக்குத்தான் படுத்திருக்காங்க."

அவள் வெட்கப்பட்டு ஊரில் யாரும் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாக ஓட்டுநர் தேர்வு அதிகாரி. கார் ஓட்டக் கற்றவர்களின் பக்கத்து இருக்கையில், மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக உட்கார்ந்து, தவறுக்கு ஒரு கோடு போடுவது வேலை. நேரில் எல்லோரும் 'லைசென்ஸ் அம்மா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'சிவப்பு லைட்'. அதுவும் அவளுக்குத் தெரியும். பத்துப் பேர் வந்தால் மூன்று பேர் தேறுவார்கள். அவள் கத்த மாட்டாள், திட்ட மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை பக்கத்தில் இருந்தாலே, வீட்டில் தூக்கத்தில்கூட கியர் மாற்றுகிறவர்களுக்கு எது பிரேக், எது கிளட்ச் என்று மறந்துபோகும்.

உடம்பு விஷயத்திலும் அவள் சட்டம் அதேதான். மூன்று சிறு தவறு சேர்ந்தால் ஒரு பெருந்தவறு. இரண்டு மாதத்தில் இரண்டு முறை மலத்தில் ரத்தம் தெரிந்தது. குறித்து வைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை தெரிந்த அன்றே டாக்டரிடம் போனாள். அவர் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். குடல் எங்கெங்கே வளைகிறது, குழாய் எப்படித் திரும்பிப் போகும் என்று தாளில் படம் போட்டும் காட்டினார். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவளிடம் இரண்டாம் முறைதான் தேறிய ஆள். முதல் முறை போட்ட குறிப்பு நினைவுக்கு வந்தது: 'வளைவுகளில் வேகத்தைக் குறைப்பதில்லை.'

மயக்க ஊசி ஏறும்போது அவள் கடைசியாக நினைத்தது அதைத்தான்.

ஆனால் டாக்டர் நல்லபடியாகத்தான் போய் வந்திருந்தார். குடல் சுத்தம். ரத்தம் வந்தது உள்மூலத்திலிருந்து, அதற்கு மருந்து போதும், பத்து வருடம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். வழி தெரிவதற்காகக் குடலுக்குள் அடித்த காற்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

நர்ஸ் சொன்னபடி அவள் இடது பக்கம் திரும்பிப் படுத்தாள். முழங்காலை வயிற்றோடு சேர்த்தாள். காற்று புரண்டது, யோசித்தது, விலாவுக்குக் கீழே போய் முட்டிக்கொண்டு நின்றது. கால் மணி நேரம் தேள் கொட்டிய திருடன் மாதிரி வாயைத் திறக்காமல் கிடந்தாள். பிறகு, அவளைக் கேட்காமல், அது நடந்தது. சின்னதுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து அறையில் எட்டுப் பேரும் அமைதியாக இருந்தார்கள்.

"ரெண்டாம் நம்பர் பிரிஞ்சிடுச்சு, டீ குடுங்க!" என்று நர்ஸ் வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

"நல்லா இருங்க" என்றார் அடுத்த கட்டில்காரர், திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மனதார.

டீயோடு ஒரு தாளும் வந்தது. அதில் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரங்களைத் தொடக் கூடாது, பத்திரங்களில் கையெழுத்துப் போடக் கூடாது, முக்கியமான முடிவு எதுவும் எடுக்கக் கூடாது என்று அச்சடித்திருந்தது. அவள் இரண்டு முறை படித்தாள்.

"மயக்க ஊசி எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

நர்ஸ் ஏட்டைப் பார்த்தாள். "பத்து அம்பது."

"அப்போ நாளைக்குப் பத்து அம்பது வரைக்கும்."

"சும்மா ஒரு நாள்னு வெச்சுக்குங்கம்மா."

"சும்மா ஒரு நாள்னு இதுல போடலையே. இருபத்திநாலு மணி நேரம்னு போட்டிருக்கு."

வெளியே புருஷனும் மகளும் காத்திருந்தார்கள். புருஷன் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். மெழுகிலும் பிளாஸ்டரிலும் நாள் முழுக்கக் கை வைப்பவர், வாய் திறப்பது அபூர்வம். கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொண்டால் தேர்வுக்கு யாரிடம் போய் நிற்பது என்ற கேள்வியிலேயே அவள் அதிகாரியான பத்தொன்பது வருடத்தையும் கடத்திவிட்டார். மகள் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சொந்தக்காரர்களைச் சோதிக்கக் கூடாது என்பது விதி, ஆகவே மகள் பக்கத்து ஊரில் போய் ஓட்டிக்காட்டி முதல் தடவையிலேயே தேறிவந்தாள். அது இரண்டு வருடத்துக்கு முந்திய கதை. மகள் ஓட்டும் வண்டியில் அம்மா ஏறியதில்லை. அம்மா இருந்தால் அம்மாதான் ஓட்டுவாள்.

இன்று வேறு வழியில்லை. மகள் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தாள். அப்பா பின்னால். அம்மா பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, அது வயிற்றில் அமுங்கியதும் கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டாள். வலது கை தன்பாட்டில் மடியில் பேனாவைத் தேடியது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் பதினோரு வேகத்தடைகள். அவற்றில் நாலு, அவளே மனு மேல் மனு போட்டு வாங்கியவை. முதல் தடையில் வண்டி ஏறி இறங்கியதும் காற்று எழுந்து நின்று உட்கார்ந்தது. உட்காரும் இடத்திலோ வேறு ஒரு தொல்லை. விடிகாலை நாலு மணியிலிருந்து, குடலைச் சுத்தம் செய்யக் கொடுத்த பேதி மருந்து அவளைப் பதினாலு முறை எழுப்பி ஓட வைத்திருந்தது. பதினாலு முறை துடைத்ததில் தோல் உரிந்து, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வேகத்தடையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

மகள் அம்மாவுக்காக ஊர்ந்து போனாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"இங்க முப்பதுல போகலாம்" என்றாள் அம்மா.

மகள் திரும்பியே பார்த்துவிட்டாள். "அம்மா, நீயா சொல்ற?"

"ரோட்டைப் பாரு. நான் சொல்லல. இங்க எவ்வளவு அனுமதின்னு தகவல் குடுத்தேன். முடிவு நீ எடு. நான் நாளைக்குப் பத்து அம்பது வரைக்கும் முடிவு எடுக்கக் கூடாது."

பின் இருக்கையில் அப்பா இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுவது அந்த வீட்டில் அவருடைய கலை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அவருக்கு அந்தத் தாளின் கனம் புரிந்தது. மத்தியானம் என்ன செய்வது, சூப்பா, குழைந்த சோறா என்று கேட்டார்.

"அது முடிவு" என்றாள் அவள்.

"இது முக்கியமான முடிவு இல்லையே?"

"முக்கியமா இல்லையான்னு முடிவு பண்றதே ஒரு முடிவு."

மனிதர் சமையலறையில் பத்து நிமிடம் நின்றார். பிறகு சூப்பும் வைத்தார், சோறும் வடித்தார். இரண்டுமே நன்றாக இருந்தன. இத்தனை வருடம் இந்தக் கை எங்கே ஒளிந்திருந்தது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

சாப்பிட்டதும் வயிறு மறுபடி உப்பிக்கொண்டது. நடந்தால் காற்று இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தாள். நடக்கிற இடத்தில் இறங்காத காற்று, நின்று புருஷனிடம் பேச வாயெடுத்தால் இறங்கப் பார்த்தது. உடனே பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி ரேடியோவைப் போடுவாள். அன்று மத்தியானம் அந்த வீட்டில் ரேடியோ ஒன்பது முறை பாடியது. ஒன்பது முறையும் முழுப் பாட்டு கேட்க யாருக்கும் கொடுத்து வைக்கவில்லை.

"அம்மா, நாங்க என்ன வேத்து மனுஷங்களா?" என்றாள் மகள். "சும்மா இங்கயே விடேன்."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற."

"அந்தப் பழமொழிக்கு அர்த்தம் அது இல்லம்மா."

"இன்னிக்கு அதுதான்."

எரிச்சலுக்கு மகள் ஒரு புதுப் பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வந்தாள். இளஞ்சூட்டு வெந்நீர் ஊற்றி அதில் கால் மணி நேரம் உட்கார வேண்டும், எழுந்ததும் துண்டால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது, அதன்மேல் வாசலின் தடவ வேண்டும் என்பது நர்ஸ் சொன்ன முறை. அவள் கைக்கடிகாரத்தை எதிரே வைத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தாள். பதினாலாவது நிமிடத்தில் புருஷன் கதவைத் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டார். "இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு" என்று பதில் வந்தது. எழுந்தபோது கொஞ்சம் சுகமாக இருந்தது. அன்று முழுக்க அவளுக்கு அதுதான் முதல் நல்ல செய்தி. குடல் சுத்தம் என்று டாக்டர் சொன்னபோது பாதி மயக்கம்.

சாயங்காலம் புருஷன் பழைய மெத்தை ஒன்றிலிருந்து ஸ்பாஞ்சு வெட்டி எடுத்து, நடுவில் குழி விட்டு ஒரு திண்டு செய்தார். பட்டறைக் கத்தி, பட்டறை அளவுகோல், பட்டறைப் பொறுமை. அவளை அதில் உட்கார வைத்துக் கீழே குனிந்து பார்த்தார்.

"எங்கயாவது உறுத்துதா?"

"இடது பக்கம் கொஞ்சம்."

இடது பக்கம் ஒரு நூலிழை சீவினார். "இப்போ?"

"இப்போ பரவால்ல."

"நல்லா அமுத்தி ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாரு. கடி சரியா இருக்கா?"

சொன்னபிறகுதான், அது பல் செட் மாட்டுகிறவரிடம் கேட்கிற கேள்வி என்று அவருக்கே உறைத்தது. மகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கடி சரியா இருக்குங்க" என்றாள் அவள்.

மறுநாள் காலை திண்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள். லீவு எடுக்கலாமே என்று மகள் சொன்னதற்கு, லீவு எடுப்பதும் முடிவுதான் என்று பதில் சொல்லிவிட்டாள்.

அலுவலகத்தில் மேலாளர் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார். பாவம், எல்லாவற்றுக்கும் 'பாத்துக்கலாம்' என்று சொல்லியே பதவி உயர்வு பெற்றவர்.

"மேடம், ஆறு பேர் வண்டியோட நிக்கறாங்க."

"பத்து அம்பது வரைக்கும் என்னால தேர்வு எடுக்க முடியாது சார்." தாளை நீட்டினாள். "தேறினாங்களா இல்லையான்னு சொல்றது முக்கியமான முடிவு."

மேலாளர் தாளைப் படித்தார். எதற்காகக் கொடுக்கப்பட்ட தாள் என்பதை மேலே பார்த்ததும் அவசரமாக மடித்துக் கொடுத்தார். "அது வரைக்கும்...?"

"கண் பரிசோதனை பாக்கறேன். அதுல முடிவு ஒண்ணும் இல்ல. எழுத்து அவங்களுக்குத் தெரியுது, இல்ல தெரியல."

"சரி, பாத்துக்கலாம்."

அப்படியே பத்து ஐம்பது வரை, சுவரில் தொங்கிய எழுத்துப் பலகைக்குப் பக்கத்தில் திண்டின்மேல் உட்கார்ந்து, பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் குச்சியால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பத்து ஐம்பத்தொன்றுக்கு அட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

முதல் ஆள் ரொட்டிக்காரர். பேக்கரியில் அடுப்படி வேலை, ஐம்பதை நெருங்கும் வயது, அடுப்பின் முன்னால் நின்று நின்று புருவம் பாதி கருகிப்போன மனிதர். இது அவருக்கு ஐந்தாம் தடவை. முதல் தடவை மேட்டில் வண்டி அணைந்தது. இரண்டாம் தடவை கண்ணாடி பார்க்கவில்லை. மூன்றாம் தடவை பின்னால் எடுக்கும்போது நடைபாதையில் ஏறினார். நாலாம் தடவை, நிறுத்தக் கோட்டில் வண்டி முழுசாக நிற்கவில்லை. நின்றது என்று அவர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஐந்து முறையும் அதிகாரி இவள்தான். அது அவர் தலையெழுத்து.

அவள் இருக்கையில் திண்டை வைத்து, அதன்மேல் மெல்ல இறங்கி உட்கார்ந்ததை அவர் பார்த்தார். தன் வண்டி ஓட்டத்துக்குப் பயந்து மெத்தையோடு வந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

"வண்டியை எடுங்க."

எடுத்தார். அணைந்தது. ஒரு கோடு. மறுபடி எடுத்தார். முதல் திருப்பத்தில் இருக்கையின் நுனிக்கே வந்துவிட்டார், ஆனால் சிக்னல் போட்டார். பாலத்தைத் தாண்டிய இடத்தில் அவள் வயிற்றுக்குள் ஏதோ முறுக்கிக்கொண்டது. அவள் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். ரொட்டிக்காரர் அந்தக் கையைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். அவள் பல்லைக் கடித்தாள். அவர் இன்னும் குறைத்தார். ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிக்கொண்டு போனது.

"காரணமில்லாம மெதுவாப் போறதும் தப்புதான்" என்றாள். இரண்டாம் கோடு.

அடுத்து பள்ளிக்கூடத் தெரு. ஐந்து வேகத்தடை அடுத்தடுத்து. வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகச் சொல்லலாம்தான்; ஆனால் தேர்வுப் பாதை என்று ஒன்று வரைபடத்தில் இருக்கிறது, அது அதிகாரியின் வயிற்றைப் பார்த்து மாறாது. "நேரா போங்க" என்றாள்.

முதல் தடை தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவதில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பின்சக்கரம் ஏறியது, இறங்கும்போது அவளுடைய கட்டுப்பாடும் கூடவே இறங்கிவிட்டது.

அது ஆஸ்பத்திரியில் வந்தது மாதிரி சின்னதில்லை. நீளமானது. நடுவில் ஒரு இடத்தில் முடிந்துவிட்டது போல நின்று, பிறகு தொடர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றிவிடப்பட்டிருந்தன.

பத்தொன்பது வருடத்தில் அவள் முகம் சிவந்தது அன்றுதான். காது மடல் வரை சூடு ஏறியது. வெளியே பார்த்தாள். பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தாள். ரொட்டிக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், கியரை மாற்றினார், நாலாவது தடையைப் பூ மாதிரி தாண்டினார். இப்போது இருக்கையில் சாய்ந்தும் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா?"

"தேர்வு நேரத்துல பேசக் கூடாது." சற்றுப் பொறுத்து, "சொல்லுங்க."

"மாவு பிசைஞ்சு வெச்சா உப்பும் மேடம். உப்பினதை அமுக்கிக் காத்தை எடுத்துட்டுத்தான் அடுப்புல வைக்கணும். எடுக்கலேன்னா ரொட்டி பக்கவாட்டுல வெடிச்சிடும். நானும் முப்பது வருஷமாப் பாக்கறேன், உள்ள போன காத்து வெளிய வந்துதான் ஆகணும்."

"கண்ணாடியைப் பாருங்க."

"பாத்துட்டேன் மேடம். பின்னால ஒரு வேன் வருது. நாப்பது அடி இருக்கும்."

அவளும் பார்த்தாள். நாற்பது அடிதான்.

"நேத்து எனக்குக் குடல்ல குழாய் விட்டுப் பாத்தாங்க" என்றாள், அறிக்கை வாசிக்கிற தோரணையில். "அதுக்குக் காத்து அடிப்பாங்க. அந்த மிச்சம் இது."

"அட, எனக்கும் போன வருஷம் பண்ணாங்களே! மூணு நாள் இருந்துச்சு. வெந்நீர் குடிச்சுக்கிட்டே இருங்க. அப்புறம்..." இழுத்தார். "உக்கார்ற இடத்துல எரிச்சல் இருக்குமே?"

"இருக்கு."

"துடைக்காதீங்க மேடம். ஒத்தி எடுங்க."

"தெரியும். அடுத்த முனையில திரும்புங்க."

திரும்பினார். மேட்டில் நிறுத்திக் கிளப்பினார். வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. நடைபாதையை ஒட்டிப் பின்னால் எடுத்தார், கல்லில் உரசவில்லை. நிறுத்தக் கோட்டில் நிறுத்தினார். முழுசாக நிறுத்தினார். நிறுத்திவிட்டு, அவள் சந்தேகப்படக் கூடாது என்று கொஞ்ச நேரம் கூடுதலாகவும் நின்றார். நடுவில் இன்னொரு முறையும் சத்தம் வந்தது. "வேகத்தடை இல்லாமலே வருது பாருங்க, நல்லா இறங்குதுன்னு அர்த்தம்" என்றார், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் ஜன்னல் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டாள்.

முற்றத்துக்கு வந்து நிறுத்தியதும் அட்டையில் கூட்டிப் பார்த்தாள். இரண்டு சிறு தவறு. மூன்று இருந்தால்தான் தோல்வி.

"தேறிட்டீங்க."

ரொட்டிக்காரர் துள்ளுவார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"மேடம், இது... அதுக்காக இல்லையே?"

"எதுக்காக?"

"நான் வெளிய சொல்லிடுவேன்னு..."

அவள் தாளைத் திரும்ப வாங்கி விரலை வைத்துக் காட்டினாள். "இங்க வண்டி அணைஞ்சுது, ஒரு தப்பு. இங்க காரணமில்லாம மெதுவாப் போனீங்க, ஒரு தப்பு. அதுக்காகத் தேற வெச்சிருந்தா இந்த ரெண்டையும் ஏன் போடப் போறேன்?"

அவர் நிதானமாக யோசித்தார். "ஆமாம்ல" என்றார். அதற்கப்புறம்தான் கண் கலங்கியது. கருகின புருவத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு போனார்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி அவளை விடவில்லை. தேர்வுக்கு வந்தவரே கேட்டுவிட்டார் என்றால் நாளைக்கு ஊர் கேட்கும். அவள் மேசைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து, குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினாள்: 'தேர்வின்போது தேர்வு அதிகாரியின் வயிற்றில் காற்று இருந்தது. இருமுறை வெளியேறியது. முடிவைப் பாதிக்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டாள். மணி பதினொன்றரை தாண்டியிருந்ததால் கையெழுத்துக்கும் தடை இல்லை.

மேலாளர் கையெழுத்துக்கு ஏடு போனது. ஐந்து நிமிடத்தில் ஏடும் மேலாளரும் சேர்ந்தே வந்தார்கள்.

"மேடம், இது வேணுமா?"

"நடந்ததைத்தான் எழுதியிருக்கேன் சார்."

"மேல இருந்து தணிக்கைக்கு வருவாங்க. படிப்பாங்க."

"படிக்கட்டும். எழுதலேன்னாதான் மறைச்ச மாதிரி ஆகும்."

"இருமுறைன்னு எண்ணிக்கையாவது..."

"எண்ணிக்கை சரிதான் சார்."

மேலாளர் பேனாவைத் திறந்தார். "சரி, பாத்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பக்கம் இன்றும் அந்த ஏட்டில் இருக்கிறது.

அதோடு அவள் விடவில்லை. தான் கைப்பிடியை இறுக்கியதைப் பார்த்துத்தான் ரொட்டிக்காரர் வேகத்தைக் குறைத்தார் என்பது அவளுக்குப் பட்டது. அந்த இரண்டாம் கோட்டில் பாதி தன்னுடையது. தேர்வுக்கு வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பதுதான் முறை. அடுத்து வந்தவள் ஒரு துணிக்கடை விற்பனைப் பெண். பெல்ட்டை மாட்டும்போதே உதடு உலர்ந்து போயிருந்தாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு அறிவிப்பு" என்றாள் லைசென்ஸ் அம்மா. "நேத்து எனக்குக் குடல் பரிசோதனை. வயித்துல காத்து இருக்கு. சத்தம் வரலாம். வந்தா வண்டியை ஓரம் கட்ட வேண்டாம், என்னைப் பாக்க வேண்டாம், ரோட்டைப் பாருங்க. நான் நெளிஞ்சா அது உக்கார்ற இடத்து எரிச்சல், உங்க ஓட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. புரிஞ்சுதா?"

அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. குலுங்கி முடிந்ததும் மூச்சை இழுத்து விட்டுவிட்டு, "புரிஞ்சுது மேடம்" என்று வண்டியை எடுத்தாள். தேறினாள்.

அன்று ஆறு பேரில் ஐந்து பேர் தேறினார்கள். மறுநாள் எட்டுப் பேரில் ஆறு. கற்றுக்கொடுக்கும் பள்ளிக்காரர்கள் முற்றத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். லைசென்ஸ் அம்மா இறங்கிவந்துவிட்டாள் என்றார் ஒருவர். மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்றார் இன்னொருவர். போட வேண்டிய கோடுகளில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை என்பதை ஏட்டைப் பார்த்தவர்கள் மட்டும் அறிவார்கள். ஓட்டினவர்கள்தான் நன்றாக ஓட்டியிருந்தார்கள்.

அதற்கும் மறுநாள் காலை எழுந்தபோது வயிறு தட்டையாக இருந்தது. எரிச்சலும் இல்லை. சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். புருஷன், திண்டு வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள்.

அன்று முற்றத்தில் முதல் ஆள் ஒரு பெரியவர். ஸ்டியரிங்கைக் கீழே விழப்போகிற பொருள் மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள், பெல்ட்டைப் போட்டாள், பேனாவைத் திறந்தாள். அறிவிப்புக்கு வாயெடுத்து நிறுத்தினாள். வயிற்றில் காற்று இல்லை. இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் அது பொய்.

வண்டிக்குள் அந்தப் பழைய அமைதி வந்து உட்கார்ந்தது. பெரியவரின் நெற்றியில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். விதிப் புத்தகத்தை மனதுக்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். தடை எதுவும் தட்டுப்படவில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

அவர் திடுக்கிட்டார். "நானா? பூட்டு ரிப்பேர் மேடம். சாவி தொலைச்சவங்க வீட்டுக் கதவெல்லாம் திறந்து குடுப்பேன்."

"எவ்வளவு நேரம் ஆகும், ஒரு கதவுக்கு?"

"பதட்டப்படாம இருந்தா ரெண்டு நிமிஷம். பதட்டப்பட்டா நாள் பூரா நின்னாலும் திறக்காது" என்றார். சொல்லிவிட்டுத் தன் கைகளைத் தானே பார்த்தார். ஸ்டியரிங்கின் மேல் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"சரி. வண்டியை எடுங்க."

எடுத்தார். சீராகத்தான் போனார். ஆனால் மூன்று இடத்தில் கண்ணாடி பார்க்கவில்லை. அவர் தேறவில்லை. தாளைக் கையில் கொடுத்து, எந்தெந்த இடம் என்று காட்டி, அடுத்த மாதம் வரச் சொன்னாள். அவர் "கண்டிப்பா வரேன் மேடம்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார். தோற்றுப்போனவர் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுப் போனதை அவள் அதுவரை கேட்டதில்லை.